டார்ச் ஒளி ஊடுருவினால் பட்டை தீட்டலாமா?

"கல்லின் பின்னால் டார்ச் அடியுங்கள், ஒளி ஊடுருவினால் விலையுயர்ந்தது, உடனே பட்டை தீட்டலாம்" என்று ரத்தினக் கற்களைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. வெறும் கண்ணாடியிலும்கூட ஒளி ஊடுருவும். ஒப்படர்த்தி, அதாவது அதே கனஅளவு தண்ணீரைப் போல் கல் எத்தனை மடங்கு எடை என்று பார்த்தாலாவது கொஞ்சம் பிடிபடும்: குவார்ட்ஸ் (படிகக்கல்) 2.65, நீலக்கல் சுமார் 4.

சரி, நல்ல கல் என்றே வையுங்கள். பட்டை தீட்டும்போது பாதிக்கும் மேல் எடை தூளாகப் போவது சகஜம். மேற்பரப்பு வரை வந்த விரிசல் இருந்தால் சக்கரத்திலேயே உடையலாம். கல்லைத் தண்ணீரில் மூழ்கவைத்து டார்ச் அடித்தால் விரிசலும் நிறத்திட்டும் ஓரளவு தெரியும். டார்ச்சுக்கு உருப்படியான வேலை அதுதான். அவற்றைக் கழித்து மிஞ்சும் துண்டின் விலை, தீட்டும் கூலியைத் தாண்ட வேண்டும்.

நீலக்கல்லில் நிறம் ஒரு மூலையில் மட்டும் இருந்தாலும் உடனே ஒதுக்காதீர்கள். அந்த மூலை அடிநுனியில் வரும்படி தீட்டினால், மேலிருந்து பார்க்கும்போது கல் முழுக்க நீலமாகவே தெரியக்கூடும்.