அடுத்த சம்பளம் வெயிட்டிங் லிஸ்ட்டைப் பார்ப்பவருக்குப் போகட்டும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கம் இளையோருக்கான உளவள ஆலோசனை மையம் நடத்தும் கமிட்டிக்காரர்களுக்கும், அவர்களுக்குப் பணம் திரட்டித் தரும் கோயில் சங்கங்களுக்கும் இந்தப் பதிவு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவுடன் எல்லோரும் சொல்வது, இன்னொரு ஆலோசகரைப் போடலாம் என்பதுதான். அதை விட்டால் ஹாலில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன்னால், பிள்ளையை அனுப்பி வைத்து ஆசிரியர் போன்றவர்கள் எழுதும் ரெஃபரல்களையும், காத்திருப்போர் பெயர் ஏறும் வெயிட்டிங் லிஸ்ட்டையும் பார்ப்பதற்கென்றே ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். தினமும் அரை நாள் போதும். அவர் இல்லாத மையத்தில் எத்தனை ஆலோசகர் இருந்தாலும் பட்டியல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆலோசகர்கள், ஆளுக்கு வாரம் 18 அமர்வு, மொத்தம் 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 6 பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 8 அமர்வு. தேவை 48, இருப்பது 36. இந்த 36லும் நாலில் ஒன்று, பிள்ளை வராமல் வீணாகிறது என்றால் மிச்சம் 27. அதை 8ஆல் வகுத்தால் வாரம் மூன்றேகால் பிள்ளை சொச்சத்துக்குத்தான் இடம். 40 வாரப் பள்ளி ஆண்டு முடிவதற்குள் பட்டியல் நூறைத் தாண்டிவிடும். சரி, மூன்றாவது ஆலோசகரைப் போடுகிறோம். அவருடைய 18லும் நாலில் ஒன்று போகும். மூவருக்கும் சேர்த்து 40 அமர்வு, வாரம் 5 பிள்ளைகள். அப்போதும் வாரத்துக்கு ஒரு பிள்ளை மிஞ்சுகிறது.

இப்போது அதே இரண்டு ஆலோசகர்களோடு பட்டியலைப் பார்க்கும் ஒருவரைச் சேருங்கள். முன்கூட்டியே போன் செய்து நினைவூட்டி, வராத பிள்ளையின் இடத்தை அன்றைக்கே வேறு பிள்ளைக்குக் கொடுத்தால், வீணாகும் 9 அமர்வு 4ஆகக் குறையும். 32 அமர்வு நடக்கும். வருகிற 6 பேரிலும் ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ சமூக நலத்துறைக்கோ போக வேண்டியவராக இருப்பார். இன்னொருவருக்குப் பெற்றோரையும் வகுப்பாசிரியரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரே ஒரு முறை பேசினாலே போதும். மிச்சம் 4 பேர். 32 அமர்வுக்கு 4 பேர். பட்டியல் வளர்வது அங்கே நிற்கிறது. நாலாவது அமர்வில் "இன்னும் எத்தனை தேவை?" என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் இருந்தால் சிலருக்கு 6லேயே முடியும். முதல் மதிப்பீட்டுக்கு வேண்டிய நேரம் அதிலிருந்து கிடைக்கும். ஏற்கனவே சேர்ந்துபோன பட்டியல் இதனால் கரையாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆனால் புதிதாகச் சேர்வது நிற்காமல் பழையதைக் கரைக்கப் பார்ப்பது வீண் வேலை.

ரெஃபரல் தாளிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் "மன அழுத்தம்", "நடத்தைப் பிரச்சினை" என்று ஒற்றை வரியில் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆசிரியரிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள், கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். "மூன்று வாரமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதில்லை. பிப்ரவரிப் புழுக்கத்திலும் நீளக்கை ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். இடைவேளையில் டாய்லெட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்." இப்படி மூன்று வரி இருந்தால், படிப்பவர் அன்றைக்கே போனை எடுப்பார். படிவத்தில் இன்னொரு கேள்வி கட்டாயம் வேண்டும்: "ஏன் இப்போது?" ஆறு மாதமாகச் சோர்ந்து கிடந்த பிள்ளையை இந்த வாரம் அனுப்பினார்கள் என்றால் இந்த வாரம் ஏதோ நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெயரைப் பட்டியலில் ஏற்றக் கூடாது.

போன் நம்பர் இரண்டு வேண்டும். அது யாருடைய போன், எந்த நேரத்தில் பேசலாம், வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் வேறு யார் படிப்பார்கள், இதெல்லாம் படிவத்திலேயே இருக்கட்டும். ப்ரீபெய்ட் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும் ஊர் இது. ஆயா, அதாவது பாட்டி, வளர்க்கும் பிள்ளை என்றால் அந்த ஆயாவிடம் எந்த மொழியில் பேசுவது என்பதும் தெரிய வேண்டும். இந்த ரெஃபரல் போவது பிள்ளைக்குத் தெரியுமா, அதற்குச் சம்மதமா? 12 வயது கடந்து, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவமும் இருந்தால் பிள்ளையே சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 129ஆவது பிரிவு. இந்த வயதுப் பிள்ளையைக் கேட்காமல் தாய் தகப்பனை மட்டும் கேட்டுத் தேதி கொடுத்தால், இரண்டாவது அமர்வுக்கு அது வராது.

பாதி நிரப்பிய படிவம் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். பள்ளிக்குத் திரும்பிப் போன தாள் மறுபடி வருவது அபூர்வம். போன் செய்து கேட்டு நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். பூசாரியிடமும் பாஸ்டரிடமும் கூட இந்தப் படிவம் இருக்கட்டும். நம் வீடுகளில் பலர் முதலில் போவது அங்கேதான். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம், விபூதி போட்டோம், காவடி நேர்ந்துகொண்டோம் என்று பெற்றோர் சொன்னால் குறை சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்காக அவர்கள் எவ்வளவு தூரம் அலைந்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியும்.

படிவம் வந்த அன்றே ஒருவர் படித்திருக்க வேண்டும். ஐந்து வேலை நாளுக்குள் முதல் போன். முதலில் பெற்றோரிடம், பிறகு பிள்ளையிடம் தனியாக. பிள்ளையிடம் எடுத்தவுடன், "பக்கத்தில் யாராவது இருக்காங்களா? இருந்தா, நான் கேட்கிறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்" என்று சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு கேள்விகளை அதற்கேற்ற மாதிரி கேட்க வேண்டும். தற்கொலை எண்ணத்தைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "இப்படிக் கஷ்டம் வரும்போது சிலருக்குச் செத்துப் போயிடலாம்னு தோணும். உனக்குத் தோணியிருக்கா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறான பயம். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாளா, முன்பு முயன்றிருக்கிறாளா, இன்று ராத்திரி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது வரை கேட்காமல் போனை வைக்கக் கூடாது.

சில மையங்களில் இந்தப் பேச்சுக்குப் பதிலாகக் கேள்வித்தாளை அனுப்பிவிடுகிறார்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 நல்ல கருவிதான். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். ஆனால் மொத்தம் 6 வந்தது, லேசான பாதிப்பு என்று கோப்பை மூடிவிட்டு, ஒன்பதாவது கேள்விக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் போட்டது என்று பார்க்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சாவைப் பற்றியும் தன்னைத் தானே காயப்படுத்துவதைப் பற்றியும் கேட்கும் கேள்வி அது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

போன் பேசி முடித்த பிறகு மூன்றில் ஒரு வழி. இன்றே, இரண்டு வாரத்துக்குள், அல்லது வரிசைப்படி. சாகத் திட்டம் இருப்பது, ஆழமான காயம், காதில் குரல் கேட்பது, சாப்பாட்டை நிறுத்தி உடம்பு உருகிப்போவது, இவையெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு உரியவை அல்ல, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு உரியவை. "அனுப்பிவிட்டோம்" என்று விட்டுவிடாமல், போய்ச் சேர்ந்தார்களா என்று அன்றைக்குச் சாயங்காலமே கேட்க வேண்டும். பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் சிறுவர் சட்டம் 110ஆவது பிரிவின்படி 22ஆம் எண் படிவத்தில் புகார் போக வேண்டும். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் உடனே போலீசுக்குச் சொல்வது யாராக இருந்தாலும் கடமை. பிள்ளை இன்னும் நம் சிகிச்சையில் சேரவில்லையே, பட்டியலில்தானே இருக்கிறது என்பது இந்தக் கடமையைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது. இதைப் புரியாமல் பல வாரம் கோப்பை மேசையில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வேதனையாக இருக்கிறது.

வரிசைப்படி என்று முடிவானவர்களிடம் எத்தனை வாரம் ஆகும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வரிசைகளைப் பற்றி 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்துக் காட்டிய எளிய விதி ஒன்று உண்டு. பட்டியலில் 60 பேர் இருந்து, வாரம் 4 பேர் சிகிச்சை தொடங்குகிறார்கள் என்றால் புதிதாகச் சேர்பவர் ஏறக்குறைய 15 வாரம் காத்திருக்க வேண்டும். "சீக்கிரம் கூப்பிடுகிறோம்" என்பதைவிட "பதினைந்து வாரம் ஆகலாம், நடுவில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை நானே பேசுவேன்" என்பது பெற்றோருக்கு நிம்மதி. அந்த நான்கு வாரப் போன் கட்டாயம். ஐந்து நிமிடம் போதும். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம், முன்பு கேட்ட அதே ஆபத்துக் கேள்விகள். பதில் மாறியிருந்தால் வரிசையும் மாற வேண்டும். ஜனவரியில் சாதாரணமாக இருந்த பிள்ளை மார்ச்சில் அப்படியே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் போனிலேயே ஒரு பாதுகாப்புத் திட்டமும் எழுதிவிடலாம். மனம் கெடப்போகிறது என்பதற்கு என்ன அடையாளம், அப்போது தனியாக என்ன செய்யலாம், யாரோடு போய் இருந்தால் மனம் மாறும், யாரிடம் உதவி கேட்பது, எந்த நம்பருக்குப் போன் செய்வது, வீட்டில் எதை எடுத்துப் பூட்டுவது. ஆறே விஷயம், ஒரே தாள். பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116, இலவசம். மனச்சோர்வு, பதற்றத்துக்கான சாடாக் அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. ஆயாவின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். பூட்டினார்களா என்று அடுத்த போனில் கேட்கவும் வேண்டும்.

இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியல் நீளமானால் "இன்னும் தேவையா? ஏழு நாளில் பதில் போடுங்கள்" என்று ஒரு மெசேஜ் அனுப்பி, பதில் வராதவர்களை நீக்கிவிட்டு, பட்டியல் பாதியாகிவிட்டது என்று கமிட்டியில் அறிக்கை வாசிப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. பதில் போடாதவர்கள் யார்? நம்பர் மாறியவர்கள், டேட்டா தீர்ந்தவர்கள், அம்மா இரவு ஷிஃப்ட் போகும் வீட்டுப் பிள்ளைகள், "சுகர்ஸ்" என்ற மலிவான போதைப்பொருளுக்காக அண்ணன் போனை எடுத்துப்போய் விற்றுவிட்ட வீட்டுப் பிள்ளைகள். மிகவும் தேவைப்படுகிறவர்களைத்தான் இப்படிக் கழித்துக்கட்டுகிறோம். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை முயல வேண்டும். ஒன்று போன், ஒன்று இரண்டாவது நம்பர், ஒன்று அனுப்பிய ஆசிரியர் வழியாக. அதற்குப் பிறகே மூடலாம், அதுவும் அனுப்பியவருக்கு எழுதித் தெரிவித்துவிட்டு. ஆபத்துக் குறிப்பு உள்ள பெயரை மேற்பார்வை பார்க்கும் உளவியலாளர் கையெழுத்து இல்லாமல் யாரும் நீக்கக் கூடாது.

வராமல் போவதும் அப்படித்தான். பத்து வயதுப் பிள்ளை தானாக வருவதில்லை, யாராவது கூட்டி வர வேண்டும். இரண்டு மினிபஸ் டாக்சி மாற வேண்டிய வீட்டுக்குக் காலை 9 மணிக்குத் தேதி கொடுத்தால் வர மாட்டார்கள். ஆடி மாதக் கூழ்ப் பூசை ஞாயிற்றுக்கிழமையிலும், புனித வெள்ளியை ஒட்டி மாரியம்மன் கோயில்கள் நிரம்பும் நாட்களிலும் தேதி கொடுத்தால் வர மாட்டார்கள். இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி, அன்றைக்குக் காலையில் ஒன்று. செய்தியில் "கவுன்சலிங்" என்ற சொல்லே வர வேண்டாம். "நாளை 3 மணி, மறக்க வேண்டாம்" என்று, பிள்ளை ஒத்துக்கொண்ட பெயரில் போகட்டும்.

பட்டியலை ஒரு சாதாரண எக்செல் தாளில் வைத்துக்கொள்ளலாம். ரெஃபரல் வந்த தேதி, முதல் போன் தேதி, ஆபத்து நிலை, அடுத்த போன் தேதி, பொறுப்பாளர் பெயர், வரக்கூடிய நேரம். அடுத்த போன் தேதி என்ற கட்டம் ஒருவருக்குக் கூட காலியாக இருக்கக் கூடாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். உடல்நலத் தகவலைப் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனத்தோடு பாதுகாக்கச் சொல்கிறது. கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் வந்தால் அது சட்டமீறல் மட்டுமல்ல, சாட்ஸ்வொர்த்தில் யாரைத் தொட்டாலும் யாருக்கோ அத்தை, யாருக்கோ சித்தப்பா. ஒரு பெயர் வெளியே போனால் அந்தத் தெருவிலிருந்து அடுத்த பிள்ளை வராது. கமிட்டிக்குத் தர வேண்டியது எண்கள் மட்டும்: மிக அதிகமாகக் காத்திருப்பவர் எத்தனை வாரம், நான்கு வாரமாக யாரும் பேசாதவர் எத்தனை பேர், வீணான அமர்வு எத்தனை. சராசரிக் காத்திருப்பை மட்டும் கேட்டால் நாற்பது வாரம் காத்திருக்கும் பிள்ளை அதற்குள் மறைந்துவிடும்.

"நம்ம பையன்தான், கொஞ்சம் முன்னால போடுங்க" என்று டிரஸ்டி ஒருவர் போன் செய்வார். அது தவறான எண்ணத்தில் வருவதல்ல, பாசத்தில் வருவது. ஆனாலும் முடியாது என்று சொல்லும் அதிகாரம் பட்டியலைப் பார்ப்பவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் இதை வாரம் ஒருவர் மாறி மாறிப் பார்க்கும் தொண்டர்களிடமோ, வரவேற்பு மேசையில் இருப்பவரிடமோ கூடுதல் வேலையாகத் தள்ளக் கூடாது என்கிறேன். ஆபத்துக் கேள்விகளைக் கேட்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். கேட்டதையெல்லாம் வாரம் ஒரு முறை உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பேச அவருக்கும் நேரம் வேண்டும். நாள்தோறும் இந்தப் பதில்களைக் கேட்பவர் மனமும் மனம்தானே.

அவருடைய லீவைப் பற்றி ஒன்று. டிசம்பர் நடுவில் ஊரே மூடிவிடுகிறது, மையமும் மூடிவிடுகிறது. மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவது ஜனவரியில். பள்ளிக்கூடம் அதற்குள் திறக்காமலும் இருக்கலாம், முடித்துப் போன பிள்ளையைக் கவனிக்க ஆசிரியர் இல்லை. மூடுவதற்கு முந்தைய வாரத்தில் பட்டியலிலுள்ள பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் பேசி, முடிவு வரும் நாளில் யாரோடு இருப்பார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆலோசகர்கள் திரும்பி வராவிட்டாலும் முடிவு வரும் வாரத்தில் அந்தப் போனை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். லீவை அவர் பிப்ரவரியில் எடுத்துக்கொள்ளட்டும், சம்பளத்தோடு.