அதே டாக்டர், அதே அறை, ஆனால் பில் வேறு

அமெரிக்காவில் மருத்துவமனைக் குழுமம் ஒரு டாக்டர் குழுவை வாங்கினால் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும், மருத்துவமனைப் பிரிவு என்று பில் போட்டு வாங்கும் கூடுதல் கட்டணத்தை 2015 சட்டமே நிறுத்திவிட்டது என்று இங்கே ஒருவர் சொல்கிறார். இது சரியல்ல.

அந்தச் சட்டம், முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு மட்டும்தான். அதிலும், மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே 2015 நவம்பர் 2 முதல் பில் போடத் தொடங்கிய பிரிவுகள்தான் அதன் குறி. பழைய பிரிவுகளுக்கு விலக்கு உண்டு. 2019 முதல் அவற்றிலும் சாதாரண டாக்டர் சந்திப்புக்கான தொகை குறைக்கப்பட்டது, மற்ற பெரும்பாலான சேவைகளுக்கு இல்லை. வளாகத்துக்குள் இருப்பவை அப்படியே தப்பிவிட்டன. தனியார் காப்பீட்டுக்கோ இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. அங்கே டாக்டர் கட்டணத்தோடு மருத்துவமனையின் 'வசதிக் கட்டணம்' தனியாக வரலாம். காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை (டிடக்டிபிள்) தீராதவர்களுக்கு அது நேராகக் கைக்காசு. இதைத்தான் நான் பெரிய அநியாயமாகப் பார்க்கிறேன்.

வசதிக் கட்டணம் இல்லாவிட்டாலும், காப்பீட்டு நிறுவனங்களோடு விலை பேரம் பேசும் பலம் மருத்துவமனைக்குக் கூடிவிடுகிறது. ஐடஹோ மாநிலத்தின் நாம்பா ஊரில் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக் குழுமம், சால்ட்ஸர் என்ற டாக்டர் குழுவை வாங்கியபோது, அந்த ஊர் முதல்நிலை டாக்டர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஒரே கையில் சேர்ந்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. சிகிச்சையை மேம்படுத்தும் நோக்கம் இருந்ததை நீதிபதி ஏற்றார். ஆனாலும் விலை ஏறும் என்று சொல்லி, 2014-இல் பிரிக்க உத்தரவிட்டார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே, மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவாக பில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.