ஜனாஸா எரிப்பும் எங்கள் ஒக்டோபரும்

2020 டிசம்பரில் கொழும்பில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸாவை, அதாவது உடலை, பெற்றோர் ஒப்பமிட மறுத்த பிறகும் எரித்தார்கள். கொவிட்டாம். சில நாட்களில் கனத்தை மயான வாசல் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள், இறந்தவரைச் சுற்றி அடக்கும் கபன் துணி அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காததை நினைத்து. கட்டியதை அகற்றினார்கள். மக்கள் மறுபடியும் கட்டினார்கள்.

அப்போது எங்கள் தமிழ் ஆட்கள் சிலர் என்னிடமே கேட்டார்கள்: "எரித்தால் என்ன, நாங்களும் எரிக்கிறோம்தானே?" இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னைச் சுடுகிறது. நாளைக்கு எங்கள் அம்மா கண்ணை மூடினால், கொள்ளி வைக்காதே, காடாத்து வேண்டாம், கீரிமலையில் அந்தியேட்டி வேண்டாம், நாங்கள் சொல்லும் இடத்தில் புதைத்துவிட்டுப் போ என்று அரசாங்கம் சொன்னால் பொறுப்போமா? குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி அடக்கம் செய்வது அவர்களுக்கு மார்க்கக் கடமை. இறந்தவருக்குக் கடைசியாகச் செய்ய முடிந்ததும் அதுதான்.

அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று இங்கே ஒரு குழு சொன்னது, கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது, அடிப்படை உரிமை மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1 அன்று விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி. அதற்கும் முதலில் கைகாட்டிய இடம் இரணைதீவு. கடற்படையிடமிருந்து தங்கள் தீவை மீட்க வருடக்கணக்கில் போராடிய தமிழ் மீனவ மக்களின் நிலம் அது! ஒரு சிறுபான்மையை இன்னொன்றோடு மோத விடுவதற்கு இதைவிட என்ன வழி வேண்டும்? பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி. யாழ்ப்பாணத்தில் இறந்தாலும் காலியில் இறந்தாலும் அங்கேதான், ஒரு வருடமாக. 3,600க்கும் மேற்பட்டவர்கள் அந்த மண்ணில் கிடக்கிறார்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்களும் சிலர் அங்கே உண்டு.

2019 ஈஸ்டர் குண்டுகளை மறந்துவிட்டாயா என்று கேட்பவர்களுக்கு: மறக்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகளை எப்படி மறப்பது? ஆனால் அந்தக் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானைப் பற்றி 2017இலேயே பொலிஸில் முறைப்பாடு செய்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். ஒவ்வொரு தமிழனையும் புலி என்று பார்த்தபோது நமக்கு வந்த கோபம், ஒவ்வொரு முஸ்லிமையும் அப்படிப் பார்க்கும்போதும் வர வேண்டாமா?

சரி, இனி நம் வீட்டுக்குள்ளே வருவோம். 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்துச் சோனகர், அதாவது முஸ்லிம்கள், ஊரை விட்டு வெளியேறப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதும் விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது பதினொரு வயது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் அடுத்த நாள் வரவில்லை, அதற்குப் பிறகு வரவேயில்லை. சில மாதம் கழித்து அப்பாவின் சைக்கிளில் சோனகத் தெரு வழியே போனேன். கதவும் நிலையும் ஓடும் கழற்றப்பட்ட வீடுகள். "பார்க்காதே" என்றார் அப்பா. பயம் இருந்தது, உண்மை. ஆனால் பயம் போன பிறகும் நாம் பேசவில்லையே, அதற்கு என்ன சொல்வது? அதே 1990இல் கிழக்கே வீரமுனையில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழர்களைக் கொன்றதற்கும் நீதி வேண்டும், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதைக் காட்டி இதை மூடுவதற்கு மட்டும் நான் ஆள் இல்லை.

2021 ஜனவரி 8 இரவு யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். அழக்கூட இடம் இல்லையா என்று கொதித்தோம். அடுத்த மாதமே உரிமை கேட்டுக் கிழக்கே பொத்துவிலில் இருந்து வடக்கே பொலிகண்டி வரை நடந்தபோது ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் நம் கோரிக்கையாக இருந்தது, முஸ்லிம்கள் திரண்டு வந்து கூட நடந்தார்கள். யாருக்கும் யாரும் சலுகை செய்யவில்லை. 'சகிப்புத்தன்மை' என்ற சொல்லே எனக்கு அதனால்தான் போதாமல் படுகிறது. அவர்களைச் சகித்துக்கொள்ள நான் யார்? அது அவர்களின் ஊர்.

2024 ஜூலையில் அமைச்சரவை ஜனாஸா எரிப்புக்கு மன்னிப்புக் கேட்டது. நம் பக்கத்து மன்னிப்பையும் தலைவர்கள் கேட்கட்டும் என்று நான் இனிக் காத்திருக்கப் போவதில்லை. இந்த ஒக்டோபர் 30 பின்னேரம் சோனகத் தெருவுக்குப் போகிறேன். கையில் பதாகை எதுவும் இருக்காது. திரும்பி வந்திருக்கும் குடும்பங்களின் வாசலில் நின்று, அன்றைக்கு நாங்கள் பேசாமல் இருந்தது பிழை என்று சொல்லப் போகிறேன். கூட வருபவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.