15 நாளில் 6ஜி வராது

நேற்றிலிருந்து இன்பாக்ஸைத் திறந்தால் அதே வீடியோ. பெயர் சொல்லப் போவதில்லை, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். “15 நாளில் 6ஜி வெல்டர், கையில் சர்டிபிகேட், அடுத்த மாதம் ஃபாரின்.” அடேங்கப்பா! கீழே “ஃபீஸ் எவ்வளவு சார்?” என்று வரிசை கட்டி நிற்கிறார்கள் நம் பிள்ளைகள். அதைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது.

6ஜி என்பது குழாய் வெல்டிங்கில் வைக்கும் ஒரு டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் கட்டிவிடுவார்கள். குழாய் சுற்றாது, நாம்தான் சுற்ற வேண்டும். ஒரே ஜாயின்ட்டில் அடியில் தலைக்கு மேல் வெல்டு அடிப்பது போல, பக்கத்தில் செங்குத்து, மேலே போனால் வேறு. குழாய் முனையைச் சரிவாகச் சீவும் பெவல் பக்கத்துக்கு 37.5 டிகிரி, இரண்டு முனைக்கும் நடுவில் விடும் ரூட் கேப் சுமார் 3 மி.மீ. முதலில் அங்கங்கே ஒட்டவைக்கும் டேக் சரியாக இல்லையென்றால் அடிக்க அடிக்கச் சுருங்கி அந்த கேப் மூடிக்கொள்ளும், ரூட், அதாவது அடியில் போடும் முதல் வெல்டு, உள்ளே இறங்காது. அடிப்பகுதியில் ஆர்க், அதாவது உருக்கும் மின்பொறி, நீண்டாலோ உருகிச் சேரும் வயரைப் போதுமான அளவு தள்ளாவிட்டாலோ ரூட் உள்வாங்கிக் குழியாகும். மேலே சூடு ஏறினால் உள்ளே தொங்கும். இதைக் கண் பிடித்த நொடியில் கை திருத்த வேண்டும். அந்தக் கை 15 நாளில் வராது.

முதலில் ப்ளேட்டில் 6013 என்ற வெல்டிங் ராடு வைத்து நேராக ஒரு பீட், அதாவது ஒரு வெல்டு கோடு, போடவே பிள்ளைகள் திணறுவார்கள். பிறகு 7018 ராடு. ஆர்க்கைக் குட்டையாகப் பிடிக்கத் தெரியாவிட்டால் வெல்டுக்குள் காற்றுப் பொத்தல் விழும். ஆம்பியர் கூடினால் ஓரம் தின்னும், குறைந்தால் ஸ்லாக் என்ற கசடு உள்ளே மாட்டும். போதாக்குறைக்கு 7018 ஈரம் தாங்காது. திறந்து கிடந்த ராடை 300–350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹைட்ரஜன் ஏறி, அடித்து முடித்த பிறகு, சில சமயம் மறுநாள்கூட விரிசல் விடும். அந்த வீடியோவில் ராடு பாக்கெட் வாய் பிளந்து தரையில் கிடக்கிறது. ஓவனைக் காணோம். பின்னணி இசை மட்டும் பிரமாதம்.

தெரிந்த பையன் ஒருவன் இப்படிப்பட்ட ஓர் இடத்தில் பணம் கட்டி சர்டிபிகேட் வாங்கினான். கம்பெனி டெஸ்டில் அவன் அடித்த குழாயை அறுத்து, ரூட் வெளிப்பக்கம் வர வளைத்துப் பார்க்கும் ரூட் பெண்ட் போட்டார்கள். வளைத்த இடத்தில் 3 மி.மீ.க்கு மேல் பிளந்தால் ரிஜெக்ட். அவனுடையது இரண்டு துண்டாகவே வந்துவிட்டது. அவன் அம்மா காதில் கிடந்தது அடகுக் கடையில் இருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

“ஐடிஐயில் மட்டும் என்ன கிழிக்கிறார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். ராடு பற்றாக்குறை உண்டு, ஒரு மெஷினுக்குப் பத்துப் பேர் நிற்கும் இடங்களும் உண்டு. ஆனால் அங்கே வெல்டருக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும், ஒரு வருடம் கையில் ராடு பிடிக்கும் ஹோல்டர் இருக்கும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐ என்றால் பயிற்சிக் கட்டணமும் கிடையாது. “ஏழைப் பிள்ளைக்கு ஒரு வருடம் காத்திருக்க முடியுமா?” என்று கண்ணீர் விடுபவர்களே, அந்த ஏழையிடம்தானே நீங்கள் முன்பணம் வாங்குகிறீர்கள்?

“இனி எல்லாம் ரோபோதான்” என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. பாய்லருக்குள் இரண்டு குழாய்க்கு நடுவில் கண்ணாடி வைத்து, அதில் பார்த்து அடிக்கும் ஜாயின்ட்டை ரோபோவிடம் கொடுத்துப் பாருங்கள்.

இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் பக்கமும் இதே கூத்துதான். ‘30 நாளில் சிஎன்சி புரோகிராமர்’, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் மெஷினுக்குக் கட்டளை எழுதுகிறவனாம். வெட்டும் டூல், சுழலும் பொருளின் சென்டருக்கு மேலே ஏறினால் வெட்டாமல் உரசும் என்று கையால் ஓட்டிப் பார்க்காதவன், திரையில் எதைப் பார்ப்பான்? ஃபேனக் கம்பெனியின் பல கன்ட்ரோல்களில், டூலை நகர்த்தும் எக்ஸ் 10 கட்டளைக்குப் பின் புள்ளி வைக்காவிட்டால் அது 10 மி.மீ. அல்ல, 10 மைக்ரான், அதாவது மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு. டூல் எங்கே போய் முட்டும் என்று யோசியுங்கள். பொருளைப் பிடிக்கும் சக்கில் சாவியை விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்யக் கூடாது, லேத்தில் கையுறை போடக் கூடாது என்பதைக்கூடச் சொல்லாமல் அனுப்புகிறார்கள். விரல் போனால் சர்டிபிகேட் ஒட்டாது.

ஏமாற்றுகிறவன் ஏமாற்றத்தான் செய்வான். அந்தக் காகிதத்துக்கு மதிப்புக் கொடுத்தது யார்? பட்டறை முதலாளிகளே, உங்களைத்தான் சொல்கிறேன். தான் தேறிய வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாவிட்டால், ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்க இன்ஜினியர் சங்கத்தின் விதிப்படி நிஜ வெல்டரின் தகுதியே காலாவதியாகும். நீங்களோ லேமினேட் செய்த காகிதத்தைப் பார்த்து ஆள் எடுக்கிறீர்கள். ஐடிஐ முடித்து வந்தவனை இரண்டு வருடம் கிரைண்டிங்கிலும் டீ வாங்கி வரவும் விட்டுவிட்டு, “நல்ல வெல்டரே கிடைக்கலை சார்” என்று புலம்புகிறீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், ஸ்கிராப் ப்ளேட்டும் பத்து ராடும் கொடுத்து “பழகுடா” என்று விட்டவர் உங்களில் எத்தனை பேர்? கமெண்டில் சொல்லுங்கள், பார்ப்போம்.