அந்தப் பிள்ளையைப் பேசி முடிக்க விட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பிள்ளையின் பேச்சைப் பாதியில் நிறுத்தியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்திருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "சேர் நல்ல கேள்வி கேட்டார்" என்று பாதிப் பேர் எழுதியதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

உயர்தர வகுப்புப் பிள்ளை அவள். தமிழ்நாட்டுத் திமுகவின் பொதுச்செயலாளராக இருந்த பேராசிரியர் க. அன்பழகன் என்ற தலைப்பு அவளுக்குச் சீட்டுக் குலுக்கலில் வந்தது. ஒரு கிழமை இருந்து எழுதிப் பாடமாக்கி வந்திருக்கிறாள். பாதியில் அந்த சேர் மைக்கை வாங்கி, "இவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்? 2009-ல் எங்கே இருந்தவர்?" என்று கேட்டார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவள் தாளை நான்காக மடித்தாள், திரும்ப எட்டாக மடித்தாள், மடிப்பைப் பெருவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டே இறங்கினாள். சபையில் சிரிப்பும் கேட்டது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. 97 வருடம் வாழ்ந்த மனிதரை, எங்கள் யுத்தம் முடிந்த அந்த ஒரே வருடத்துக்குள் வைத்து மூடாதீர்கள். அதற்காக ஒரு பிள்ளையின் வாயையும் மூடாதீர்கள்.

முதல் கேள்வியை எடுப்போம். இலங்கையில், எங்கள் ஊரில் பேராசிரியர் என்பது பல்கலைக்கழகம் கொடுக்கும் பதவி. ஒருவர் சிரேஷ்ட விரிவுரையாளரா பேராசிரியரா என்பதை அழைப்பிதழில் பிழையாகப் போட்டால் கோபம் வருகிற ஊர் இது. தமிழ்நாட்டு வழக்கு வேறு. கல்லூரியில் படிப்பிக்கிறவரைச் சனம் பேராசிரியர் என்றே கூப்பிடும். ராமையா என்ற பெயரைத் தமிழாக்கி அன்பழகன் ஆனவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. முடித்தவர், 1944 முதல் 1957 வரை சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் படிப்பித்தவர். 13 வருடம். திமுக முதன்முதலாகத் தேர்தலில் நின்ற அந்த 1957-ல் எழும்பூரில் வென்று சட்டசபைக்குப் போனார். மந்திரியான பிறகும், 1977 தொடங்கி 2020 மார்ச்சில் கண்மூடும் வரை கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தபோதும், சனம் அவரைக் கூப்பிட்டது அந்த வகுப்பறைப் பெயரால்தான். நானும் 26 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். தெருவில் கண்ட பழைய மாணவன் "ரீச்சர்" என்று சைக்கிளை விட்டு இறங்கும்போது என் சம்பளப் படிவத்தில் என்ன தரம் இருந்தது என்று அவன் கேட்பதில்லை.

படிப்பித்தவருக்கு அரசியல் எதற்கு என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் தலைவர்கள் ஜீ.ஜீ. பொன்னம்பலம், செல்வநாயகம், அமிர்தலிங்கம் எல்லாரும் சட்டத்தரணிகள். கோட்டுப் போட்டவருக்கு அரசியல் எதற்கு என்று நாங்கள் கேட்டோமா? உரும்பிராயில் பிறந்த செ. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியராக இருந்துவிட்டு வவுனியா எம்.பி.யாகவும் மந்திரியாகவும் வந்தவர். எங்களிடமும் ஆள் இருந்தது. மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது கேள்வி. அதுதான் வலிக்கிற கேள்வி, எனக்கும்.

1983 ஆகஸ்டில் எனக்குப் பத்து வயது. ஜூலைக் கலவரத்தில் சித்தப்பா குடும்பம் கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, எங்கள் வீட்டு விறாந்தையில் பாயில் படுத்திருந்தது. சித்தி மாற்றுடுப்பு இல்லாமல் அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தார். அந்த நாட்களில்தான் கருணாநிதியும் அன்பழகனும் சட்டசபைப் பதவியை விட்டு விலகினார்கள். எங்களுக்கு நடந்ததற்கு மத்திய அரசும் மாநில அரசும் போதியது செய்யவில்லை என்று விலகினார்கள். அப்பாவும் தமிழ் வாத்தியார். அந்தப் பேப்பர்த் துண்டைப் பிளேட்டால் வெட்டித் திருக்குறள் புத்தகத்துக்குள் வைத்தார். "எங்களுக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாத்தியார் கதிரையை விட்டிருக்கிறார்" என்று சித்தப்பாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. விறாந்தையில் கிடந்த எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மூன்று வருடம் கழித்து, இந்தித் திணிப்பை எதிர்த்து அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை எரித்ததற்காக, திரும்பவும் எம்.எல்.ஏ. ஆகியிருந்த அவருடைய பதவி பறிபோனது. பதவியை இழக்கத் தெரியாத மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் 2009 இவ்வளவு சுடுகிறது. அப்போது அவர் தமிழ்நாட்டு நிதியமைச்சர். டில்லி ஆட்சியிலும் அவருடைய கட்சி பங்காளி. 2008 அக்டோபரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் திமுக எம்.பி.க்கள் எழுதிய ராஜினாமாக் கடிதங்கள் கட்சித் தலைவரின் கையோடு நின்றுவிட்டன. 1983-ல் கதிரையை விட்டவர்கள் இந்த முறை விடவில்லை. யுத்தம் நடந்த வன்னியில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். நான் அந்த மாதங்களில் திட்டாத திட்டு இல்லை. "நீ திமுகவுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று என்னிடம் சொல்ல வருகிறவர்கள், தயவுசெய்து, அந்தக் கோபத்தை எனக்குக் கற்பிக்க வேண்டாம். எனக்கு அங்கே வாக்கும் இல்லை, கட்சியும் இல்லை. மே மாதம் முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளாமல் இருந்தவள் நான்.

அந்த மே மாதத்தில் ஒரு நாள் அப்பா திருக்குறளை எடுத்தார். மஞ்சளாகிப்போன துண்டைக் கண்ணாடி போட்டு ஒரு முறை வாசித்தார். கிழித்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன். கிழிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் பழைய மடிப்பிலேயே மடித்து, அதே பக்கத்தில் வைத்து மூடினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

2009-ஐப் பற்றிக் கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள். அந்தப் பிள்ளை பேசி முடித்த பிறகு கேட்டிருக்கலாம், அவளும் பதில் சொல்லியிருப்பாள். நாங்கள் பெரியவர்கள் யாரிடமும் கேட்க முடியாமல் போன கேள்வியை, அந்த யுத்தத்தின்போது கைக்குழந்தையாக இருந்த ஒருத்தியிடம் மைக்கைப் பிடுங்கிக் கேட்டிருக்கிறோம். கேட்டது ஒருவர், சிரித்தது நாங்கள். எழும்பி நின்று "முடிக்க விடுங்கோ" என்று சொல்ல மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கும் வாய் வரவில்லை. மூன்று நாளாக அதுதான் நெஞ்சில் கிடக்கிறது.

நேற்று அவளுடைய அம்மாவுடன் போனில் கதைத்தேன். தாள் இன்னும் இருக்கிறதாம், வாசிக்காத பக்கம் இரண்டு இருக்கிறதாம். பிள்ளை, சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வா. அதே விறாந்தைதான். முதலில் இருந்து பேசு, நான் குறுக்கே கதைக்கமாட்டேன். பேசி முடித்ததும் அப்பாவின் அந்தத் துண்டை உனக்குக் காட்டுகிறேன்.