ஓய்வு பெற்றதும் நடை தானாகக் கூடிவிடாது

"பணி ஓய்வு பெற்றால் நேரம் நிறையக் கிடைக்கும், உடலசைவு தானாகவே கூடிவிடும்" என்று பலர் சொல்வதுண்டு. இதில் பாதிதான் சரி. விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி ஓய்வுக்குப் பின் பலருக்குக் கூடுகிறது. ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. மொத்த அசைவு வேறு கணக்கு. வேலைக்குப் போய்வரும் நடை, அலுவலக மாடிப்படி, மதியம் சக ஊழியரோடு போட்ட ஒரு சுற்று எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. நின்றும் தூக்கியும் வேலை பார்த்தவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. "வர்றீங்களா?" என்று கூப்பிட ஆள் இல்லாமல் போவதும் சேர்ந்துகொள்ளும்.

நீங்களே சரிபார்க்கலாம். கைபேசியில் பழைய அடி எண்ணிக்கை இருந்தால், ஓய்வுக்கு முந்தைய 4 வார மொத்தத்தை அடுத்த ஆண்டின் அதே 4 வாரங்களோடு ஒப்பிடுங்கள். மாதம் மாறினால் வெயிலும் மழையும் கணக்கைக் கெடுத்துவிடும். இன்னொரு சிக்கல்: வீட்டில் கைபேசி மேசையில் கிடக்கும், அடிகள் பதிவாகாது. அதனால் அந்த வாரங்களில் அது சட்டைப்பையிலேயே இருக்கட்டும். (பளு தூக்குவதை இது எப்படியும் எண்ணாது.)

ஒவ்வொரு நடையும் எத்தனை நிமிடம் என்று எழுதி, பக்கத்தில் 'தனியாக', 'துணையோடு' என்று குறித்துவையுங்கள். எந்த நடை அடிக்கடி தள்ளிப்போகிறது என்று பார்த்துவிட்டு, வார மொத்த நிமிடங்களை, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்குப் பரிந்துரைத்த 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு ஒப்பிடலாம்.