வாங்கியது 7 கோல்தான்

2025 நவம்பரில் மிலனில் நார்வே கால்பந்து அணி இத்தாலியை 4-1 என்று தோற்கடித்த இரவிலிருந்து என் டைம்லைன் முழுக்க நார்வேயின் முன்கள ஆட்டக்காரர் எர்லிங் ஹாலண்ட்தான். கொண்டாடட்டும். 8 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களில் 16 கோல் போட்டவரைக் கொண்டாடாமல் வேறு யாரைக் கொண்டாடுவது? 1998க்குப் பிறகு நார்வே இப்போதுதான் உலகக் கோப்பைக்குப் போகிறது. அன்றிரவு கண் விழித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் பேச்சோடு பேச்சாக ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. "இத்தனை வருஷமா நார்வேயில் சொல்லிக்கிற மாதிரி யாருமே இல்ல, இப்பதான் ஒரு டீம் கிடைச்சிருக்கு." நல்ல கால்பந்து ரசிகர்களே இப்படிச் சொல்கிறார்கள். அதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. ஏனென்றால் அந்த 'யாருமே இல்லாத' காலத்தில்தான் பின்களத் தடுப்பாட்டக்காரர் பிரெடே ஹாங்கெலாண்ட் ஆடினார். 2002 முதல் 2014 வரை நார்வேக்காக 91 ஆட்டங்கள். அதில் பல ஆண்டுகள் கேப்டன். உலகக் கோப்பை ஒன்றுகூட இல்லை. ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையும் இல்லை. அதனாலேயே பெயர் மறந்துபோகுமா?

ஒரு கணக்கு சொல்கிறேன். 2012 யூரோவுக்கான தகுதிச்சுற்றிலும் நார்வேக்கு 8 ஆட்டங்கள்தான். டென்மார்க், போர்ச்சுகல், ஐஸ்லாந்து, சைப்ரஸ் இருந்த பிரிவு. ஹாங்கெலாண்ட் கேப்டன். அந்த 8 ஆட்டங்களில் நார்வே வாங்கிய கோல், அதாவது எதிரணிகள் அதற்கு எதிராகப் போட்டது, 7. இன்று எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடும் இந்த அணி 8 ஆட்டங்களில் வாங்கியது 5. வித்தியாசம் இரண்டே கோல்! போட்ட கோலைப் பாருங்கள். இன்று 37. அன்று மொத்த அணியும் சேர்ந்து 10. ஹாலண்ட் தனி ஆளாகப் போட்டதைவிட 6 குறைவு. அந்தப் பத்தில் ஒன்று ஹாங்கெலாண்டே போட்டது, ரெய்க்யவிக்கில் ஐஸ்லாந்துக்கு எதிராக. நார்வே பின்தங்கியிருந்தபோது கேப்டன் போய்ச் சமன் செய்தார், பிறகு 2-1 என்று ஜெயித்தார்கள்.

அதே பிரிவில் போர்ச்சுகல் 12 கோல் வாங்கியது. சைப்ரஸோடு சொந்த மண்ணிலேயே 4-4. ஓஸ்லோவில் நார்வே 1-0 என்று போர்ச்சுகலை ஜெயித்தது, லிஸ்பனில் அதே 1-0இல் தோற்றது. கடைசியில் இரண்டு அணிக்கும் 16 புள்ளி. நேருக்கு நேர் பார்த்தாலும் சமம். கோல் வித்தியாசத்தில் போர்ச்சுகல் முன்னால் போய், இரண்டாம் இடக்காரர்களுக்கான கடைசி வாய்ப்பான பிளே-ஆஃபில் ஜெயித்து, யூரோவில் அரையிறுதி வரைக்கும் போனது. நார்வே வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தது.

அதற்கு முந்தைய 2010 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று இன்னும் கொடுமை. அதிலும் 8 ஆட்டம், அதிலும் வாங்கியது 7 கோல்தான். போட்டது 9. அந்த ஒன்பதில் 4 ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒரே நாளில் வந்தவை. நெதர்லாந்துக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தார்கள். ஐரோப்பாவில் 9 பிரிவுகள், இரண்டாம் இடம் பிடித்தவை 9 அணிகள், அதில் 8 அணிகளுக்கு பிளே-ஆஃப் வாய்ப்பு. அது கிடைக்காத ஒரே அணி நார்வே.

பள்ளிக்கூட அணியில் ஸ்டாப்பராக, பின்களத்தின் நடுவில் நின்று தடுப்பவனாக, ஆடியவன் நான். முன்னால் ஆடுகிறவன் பத்து வாய்ப்பு கோட்டைவிட்டு ஒன்றைப் போட்டாலும் அன்றைக்கு அவன்தான் ராஜா. ஸ்டாப்பர் தொண்ணூறு நிமிஷம் சரியாக நின்று ஒரு தடவை சறுக்கினால் அந்த ஒரு தடவைதான் எல்லோர் வாயிலும். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை. ஆனால் மேலே கொடுத்த எண்கள் எல்லாம் புள்ளிப் பட்டியலில் இருப்பவை. 16 ஆட்டங்களில் 14 கோல் மட்டும் வாங்கிய பின்களத்தைப் பார்த்து 'யாருமே இல்லை' என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஹாங்கெலாண்ட் பிறந்தது 1981இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். வளர்ந்தது நார்வேயின் எண்ணெய் நகரமான ஸ்டவாங்கரில். உள்ளூர் வைக்கிங் அணியில் தொடக்கம். அங்கே அவருக்குப் பயிற்சியாளராக வந்தவர் இங்கிலாந்துக்காரர் ராய் ஹாட்ஜ்சன். அப்புறம் 2006இல் கோபன்ஹேகன். அங்கே பயிற்சியாளர் ஸ்டோலே சோல்பாக்கன். இந்த இரண்டு பெயரையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருமே திரும்ப வருவார்கள். கோபன்ஹேகனில் டென்மார்க் லீக் பட்டம் ஜெயித்தார். சாம்பியன்ஸ் லீகில் ரூனியும் ரொனால்டோவும் இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டைச் சொந்த மைதானத்தில் 1-0 என்று மடக்கிய அணி அது.

2008 ஜனவரியில் ஹாட்ஜ்சன் அவரை ஃபுல்ஹாமுக்குக் கூட்டிக்கொண்டார். லண்டனில் தேம்ஸ் நதிக்கரை ஓரமாக, க்ரேவன் காட்டேஜ் என்ற பழைய மைதானத்தில் ஆடும் சின்ன கிளப். அந்த சீசனில் இரண்டாம் டிவிஷனுக்குப் போய்விடும் என்று எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று ஜெயித்தார்கள். கடைசி நாளில் போர்ட்ஸ்மத்தில் டேனி மர்ஃபியின் ஹெடர், 1-0. ரெடிங்கோடு புள்ளியில் சமமாகி, கோல் வித்தியாசத்தில் தப்பினார்கள். இப்படித் தலை தப்பிய அணி அடுத்த சீசனில் 7ஆம் இடம் பிடித்தது. ஃபுல்ஹாம் வரலாற்றிலேயே அதுதான் மிக உயர்ந்த இடம்.

அந்த 2008-09 சீசன் பட்டியலை எடுத்து 'வாங்கிய கோல்' பத்தியை மட்டும் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 24, செல்சி 24, லிவர்பூல் 27. அடுத்தது ஃபுல்ஹாம், 34. ஆர்சனல் 37. 38 ஆட்டங்களில் 39 கோல் மட்டுமே போட்ட அணி ஏழாவதாக வந்தது என்றால் அது யாருடைய உழைப்பு? ஹாங்கெலாண்டும் ஆரன் ஹ்யூஸும் பின்களத்தின் நடுவில், பின்னால் கோலி மார்க் ஷ்வார்சர். ஹ்யூஸ் பிரீமியர் லீகில் 450க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காத மனிதர். பொறுமையான இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு பின்களம் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹாங்கெலாண்ட் ஆடுவதை நான் எப்படிப் பார்ப்பேன் என்றால், பந்தைப் பார்க்கவே மாட்டேன். அவர் காலைப் பார்ப்பேன். கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம். அந்த உயரத்துக்கு வேகம் கிடையாது, ஓட்டப்பந்தயத்தில் யாரையும் பிடிக்க முடியாது. அதனால் ஓட வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வார். பந்து எதிரணியின் ஓர ஆட்டக்காரன் காலில் இருக்கும்போதே இரண்டடி பின்னால் நகர்வார். உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொள்வார், ஒரு கண் பந்து மேல், ஒரு கண் தன் ஆள் மேல். பந்து உயரே வரும்போது அடித்துப்பிடித்து ஓடி வரமாட்டார், ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார். கொஞ்சம் எழும்பினால் போதும், பந்து நெற்றியில் வந்து விழும். தரையில் விழுந்து புரண்டு பந்தைப் பறிப்பதெல்லாம் அபூர்வம். அவர் சட்டையில் சேறு இல்லையென்றால் அன்றைக்கு நன்றாக ஆடினார் என்று அர்த்தம். பந்து கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு மேலே தூக்கி அடிக்கவும் மாட்டார், நிதானமாக நடுக்களத்துக்குக் கொடுப்பார்.

ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக், அதன் 2009-10 சீசனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஜூலை மாதம் லிதுவேனியாவில் தகுதிச்சுற்றில் தொடங்கி மே மாதம் ஹாம்பர்க் இறுதிப்போட்டி வரை 19 ஆட்டங்கள். பிப்ரவரியில் ஷக்தார் டொனெட்ஸ்க் மைதானத்தில் 1-1, ஃபுல்ஹாமின் அந்த ஒரு கோலைப் போட்டது ஹாங்கெலாண்ட். அதில்தான் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அடுத்து யுவெண்டஸ். டூரினில் 3-1 தோல்வி. லண்டனில் ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிஷமே ட்ரெஸிகே ஒரு கோல் போட்டுவிட்டார். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து யுவெண்டஸ் 4-1 என்று முன்னால். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு யுவெண்டஸால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. ஸமோரா ஒன்று, ஜெரா இரண்டு, கடைசியில் டெம்ப்ஸி கோலியின் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட அந்த அழகான பந்து. மொத்தம் 5-4. டெம்ப்ஸியின் கோலை எல்லோரும் இன்றைக்கும் பகிர்கிறார்கள். இரண்டாவது நிமிஷத்துக்குப் பிறகு அந்த 88 நிமிஷம் பின்னால் கதவை அடைத்து வைத்தவர்களின் வீடியோவை யார் பகிர்ந்து பார்த்திருக்கிறீர்கள்?

இறுதிப்போட்டியில் அட்லெட்டிகோ மாட்ரிட். 90 நிமிஷத்தில் 1-1. கூடுதல் நேரத்தில் 116ஆவது நிமிஷம் அகுவேரோ குறுக்கே அனுப்பிய பந்தை டியேகோ ஃபோர்லான் ஒரே தொடுதலில் திருப்பிவிட்டார். 2-1. பெனால்டிக்கு நான்கே நிமிஷம் பாக்கி. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அந்தக் கோடையில் பெரிய கிளப்புகள் பெயரோடு ஹாங்கெலாண்ட் பெயரும் அடிபட்டது. அவர் ஃபுல்ஹாமிலேயே இருந்தார். 2012இல் டேனி மர்ஃபி போன பிறகு கிளப்புக்கும் கேப்டன் ஆனார். 2013-14இல் எல்லாம் சரிந்தது. ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்கள். ஹாங்கெலாண்ட் பல மாதம் காயத்தில் இருந்தார். 85 கோல் வாங்கி ஃபுல்ஹாம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

அப்போதுதான் அந்தப் பாலாடைக்கட்டிக் கதை. மூன்றாவது பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் மகாத், தொடையில் வலி என்று போனவரிடம் ஒரு பெரிய சீஸ் கட்டியை வாங்கித் தொடையில் வைத்துக் கட்டச் சொன்னார் என்று ஹாங்கெலாண்டே பிற்பாடு வெளியில் சொன்னார். தான் சொன்னது ஜெர்மனியில் வழக்கமான தயிர்க்கட்டிப் பற்று, பழைய கைவைத்தியம் என்று மகாத் பதில் சொன்னார். பற்று போடுவதை நான் குறை சொல்லமாட்டேன், நம் வீடுகளிலும் உண்டுதான். என் வருத்தம் வேறு. அந்த ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. இன்றும் அவர் பெயரைச் சொன்னால் நிறையப் பேர் முதலில் கேட்பது, "அந்த சீஸ்காரர்தானே?" ஃபுல்ஹாமுக்காக மட்டும் 270 ஆட்டங்கள் ஆடிய மனிதருக்கு மிஞ்சியது அந்த அடையாளமா?

அதைவிட வலிப்பது அவரை வெளியே அனுப்பிய விதம். ஒப்பந்தம் முடிந்ததாக ஒரு மின்னஞ்சல். அவ்வளவுதான். ஆறரை வருஷம் ஆடிய கேப்டன். ஒரு போன் போட்டிருக்கலாம். கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிளப்புக்குக் காரணங்கள் இருக்கும், சம்பளம், வயசு, காயம். காரணம் நியாயமாகவே இருந்தாலும் இப்படிச் சொல்வது முறையில்லை. கிரிஸ்டல் பேலஸ் அவரை எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டமே ஆர்சனல் மைதானத்தில், அதில் தலையால் ஒரு கோல் போட்டார். ஆட்டம் என்னவோ 2-1 தோல்விதான், ஆனால் அந்தக் கோலைப் பார்த்து வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன். 2016இல் ஓய்வு.

2020 டிசம்பரில் நார்வே அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் யார் தெரியுமா? ஸ்டோலே சோல்பாக்கன். அந்தப் பழைய கோபன்ஹேகன் ஆள். வந்ததும் உதவிப் பயிற்சியாளராக யாரைக் கூப்பிட்டுக்கொண்டார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த ஹாலண்டும் ஒடெகார்டும் வளர்ந்த இந்த ஐந்து வருஷமும் ஓரக்கோட்டுக்கு வெளியே அந்த உயரமான மனிதரும் இருந்திருக்கிறார். மிலனில் இடைவேளையின்போது நார்வே 0-1 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் நூசா சமன் செய்தார், ஹாலண்ட் அடுத்தடுத்து இரண்டு, கடைசியில் ஸ்ட்ராண்ட் லார்சன். அந்த நான்கையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே பாதியில் இத்தாலி சொந்த மைதானத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

2026 ஜூன் 20 அன்று ஹாங்கெலாண்டுக்கு 45 வயசு முடிகிறது. உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும் நாள். 91 ஆட்டங்கள் ஆடியும் கிடைக்காத இடத்துக்கு, அவர் பிறந்த நாட்டுக்கே, நார்வே சட்டையோடு போகிறார். நார்வே ஆடும் நாளில் டிவியில் கேமரா நார்வே பெஞ்ச் பக்கம் திரும்பினால் ஹாலண்டைத் தேடாதீர்கள். எல்லோரையும்விடத் தலை உயர்ந்து தெரிகிறவரைத் தேடுங்கள்.